தண்ணீருக்குச் சோறு

அலாரம் அடிக்கும். அணைப்பேன். இரவே கழுவி வைத்த அரிசி குக்கரில் வெந்திருக்கும். முதல் அகப்பைச் சோற்றைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்து என் மனைவி வகானாவின் படத்துக்கு முன்னால் வைப்பேன். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். ஒரு ஊதுவத்தி. மணியை ஒரு முறை தட்டிக் கைகூப்புவேன். சொல்ல ஒன்றும் தோன்றாது. எழுந்துவிடுவேன்.

அடுத்து மீன்தொட்டி. வெப்பமானியைப் பார்ப்பேன். தீவனத்தில் ஒரு சிட்டிகை எடுத்து, அதில் பாதியை டப்பாவிலேயே திரும்பப் போட்டுவிட்டு, மீதியைத் தண்ணீரில் தூவுவேன். இரண்டு மீன்களும் தின்று முடிக்கும்வரை நிற்பேன். பால்கனியில் இருக்கும் இரண்டு வாளிகளில் தண்ணீர் குறைந்திருந்தால் குழாயில் பிடித்து நிரப்பி, குளோரின் போக வெயிலில் விடுவேன். பிறகு முட்டை, மிசோ சூப், ரயில். அலுவலகத்தில் லிஃப்டுகளுக்கு வரைபடம் போடுவது என் வேலை.

பிப்ரவரியிலிருந்து ஆகஸ்ட் வரை இதில் எதுவும் மாறவில்லை. எதையாவது மாற்ற வேண்டும் என்றும் தோன்றவில்லை. மீன்களைச் சாகவிடக் கூடாது. அது ஒன்றுதான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மீன்கள் வகானாவுடையவை. பெரியதற்குப் பெயர் மேனேஜர். சிறியது பார்ட்-டைம். மேனேஜர் நாள் முழுக்கத் தொட்டியின் நடுவில் நின்றபடி வாயைத் திறந்து திறந்து மூடும். சாப்பாடு வந்தால் முதல் ஆளாகப் போய்ப் பெரும்பங்கைத் தின்னும். பார்ட்-டைம் கூழாங்கற்களை ஒவ்வொன்றாக வாயில் எடுத்து, பார்த்து, துப்பி, அடுத்த கல்லுக்குப் போகும். யாரும் கேட்காத வேலை. வகானா ஒரு ரொட்டிக்கடையில் பகுதிநேரமாக வேலை பார்த்தாள். பெயர் வைத்தது அவள்தான். காரணத்தை நான் கேட்கவில்லை.

எங்கள் ஊர் கோரியாமாவில் வயல் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் தங்கமீன் குளங்கள் இருக்கும். ரயிலிலிருந்து பார்த்தால் தெரியும். இந்த ஊரில் வளர்ந்தவன் எவனிடம் கேட்டாலும் தங்கமீனைப் பற்றி எல்லாம் தெரியும் என்பான். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் எனக்குத் தெரிந்ததெல்லாம், திருவிழாவில் பிடித்த மீனை அப்பாவின் சாராயக் கண்ணாடிச் சாடியில் போட்டால் மூன்றாம் நாள் மிதக்கும் என்பது மட்டும்தான். அதை எல்லாப் பிள்ளைகளும் தெரிந்துகொள்ளும். மிதந்ததைக் குப்பையில் போடும்போது, மறுவருஷம் வேறு பிடித்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மறுவருஷம் வேறு பிடித்துக்கொள்வோம்.

கல்யாணமான முதல் கோடையில் வகானா ஒரு தொட்டி வாங்கி வந்தாள். கண்ணாடித் தொட்டி, பஞ்சு வைத்த வடிகட்டி, காற்றுக் குழாய். தண்ணீர் நிரப்பினாள். மோட்டாரை ஓடவிட்டாள். மீன் எங்கே என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றாள். மறுநாள் அலுவலகத்திலிருந்து வந்தபோது வெறும் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து தீவனம் தூவிக்கொண்டிருந்தாள்.

"யாருக்குப் போடற?"

"தண்ணிக்கு."

கல்யாணத்துக்கு முன்பே விசாரித்திருக்க வேண்டுமோ என்று தோன்றியது.

அவள் விளக்கினாள். மீனின் கழிவே மீனைக் கொல்லும். அந்தக் கழிவைத் தின்கிற கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் பஞ்சில் வளர வேண்டும். அவை வளரும்வரை தண்ணீருக்குத்தான் சோறு. மீன் அப்புறம். இதை ஏதோ ஒரு பெரிய குடும்பத்தின் சம்பிரதாயம் மாதிரி சொன்னாள். அந்தக் கோடை முழுக்க எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் வெறும் தொட்டியை உற்றுப் பார்த்துவிட்டு, "மீன் ஒளிஞ்சிருக்கா?" என்று கேட்டார்கள். "இன்னும் குடி வரல, வீடு தயாராகிட்டிருக்கு" என்று சொல்லி அவர்களுக்குத் தேநீர் ஊற்றினாள்.

அவளுடைய இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு பழைய கணக்கு இருந்தது. பள்ளிக்கூட நாட்களில் அவளும் தங்கை இசுமியும் ஒசாகாவில் ஒரு திருவிழாவில் மூன்று மீன் பிடித்தார்கள். ஒன்று முதல் வாரமே போனது. இன்னொன்று, வருஷக் கடைசியில் வீட்டை ஒட்டடை அடித்துத் துலக்குகிற நாளில் போனது. இரண்டு பேரும் சேர்ந்து மீன்சாடியைப் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டுப் பளபளவென்று தேய்த்திருந்தார்கள். அம்மா பாராட்டி ஆளுக்கொரு ஆரஞ்சு கொடுத்தாளாம். மூன்றாவது மீன் ஜனவரி வரை தாக்குப் பிடித்தது. குளிர்காலத்தில் தங்கமீன் அடியில் அசையாமல் கிடக்கும். அது அதன் வழக்கம். ஆனால் பார்த்தவர்களுக்குப் பாவமாக இருந்திருக்கிறது. ஒரு நாள் பள்ளிவிட்டு வந்து பார்த்தால், குளிருக்கு எல்லோரும் காலை நீட்டி உட்காருகிற கம்பளி மேசையின் அடியில், மின்சூட்டுக்கு நேர் கீழே, சாடி இருந்தது. தண்ணீரில் குளியல் தொட்டி மாதிரி ஆவி பறந்தது.

சாடியை அங்கே வைத்தது யார் என்பதில்தான் தகராறு. வகானா இசுமி என்பாள். இசுமி அக்கா என்பாள். இருபது வருஷமாக ஒவ்வொரு புத்தாண்டுக்கும், அதே மேசைக்குள் காலை நீட்டிக்கொண்டு, இதைப் பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள். எங்கள் கல்யாண விருந்தில் மைக்கைப் பிடித்த இசுமி வாழ்த்துச் சொல்லிவிட்டுக் கடைசியில், "எங்கக்கா ரொம்ப அன்பானவ. ஆனா கம்பளி மேசைக்குப் பக்கத்துல மட்டும் அவளை நம்பாதீங்க" என்று முடித்தாள். என் குடும்பத்துக்கு ஒன்றும் புரியவில்லை. மணப்பெண் முக்காட்டுக்குள் குலுங்கினாள்.

ஆகஸ்ட் கடைசித் திருவிழாவில்தான் எங்கள் வீட்டுக்கு மீன் வந்தது. வளையத்தில் ஒட்டிய மெல்லிய காகிதம்தான் வலை. நனைந்தால் கிழியும். பெரும்பாலோருக்கு ஒரு மீன் கிடைப்பதே பெரிது. வகானா யுகாதா என்கிற பருத்தி அங்கியின் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்து, காகிதத்தைப் படுக்கையாக நுழைத்து, கிண்ணம் நிறையப் பிடித்தாள். சுற்றிலும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். பிறகு அவள் கிண்ணத்தை உற்றுப் பார்த்து, இரண்டை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் திரும்பத் தொட்டியில் விட்டாள். கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"என்னம்மா இது, பிடிச்சதெல்லாம் உங்களுதுதான். எடுத்துட்டுப் போங்க."

"ரெண்டு போதும்ங்க."

"நான் கணக்குப் பார்க்கல. சும்மா எடுத்துக்குங்க."

"நீங்க பார்க்கலன்னாலும் எங்க வீட்டுத் தண்ணி பார்க்கும்."

அவர் என்னைப் பார்த்தார். "சார், இவங்க எப்பவுமே இப்படித்தானா?"

இத்தனை நாளாக இவள் வெறும் தண்ணீருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள் என்று சொன்னேன். அவர் மீன் பைக்கு மேல் கேட்காமலே இன்னொரு பை போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு நடந்து வரும்போது வகானா பையை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி, இது ரொம்ப நாள் இருக்கும், நாம் வீடு மாறினாலும் கூட வரும், கிழவன் கிழவியாகி யார் மீனுக்குப் போடுவது என்று சண்டை போடுவோம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மரச்செருப்பு வாரில் அவள் கால்விரல் தேய்ந்து ரத்தம் வந்திருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தாள்.

மீன்கள் விரல் அளவிலிருந்து உள்ளங்கை அளவுக்கு வளர்ந்தன. சண்டையும் போட்டோம். நான் மேனேஜருக்கு இரக்கப்பட்டு அதிகமாகப் போடுவேன். அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

இந்தப் பிப்ரவரியில் ஒரு காலை, வேலைக்குப் போகிற வழியில், ரயில் நிலையப் படிக்கட்டில் வகானா உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருந்தது. ஆஸ்பத்திரியில் மாமியார் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். காலையில் ஏதாவது சொன்னாளா? எப்போதும் போலத்தான் கிளம்பினாள் என்றேன். அப்படியானால் 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லியிருக்கிறாள் என்று மாமியார் எடுத்துக்கொண்டார். சொன்னாள்தான். அதைப் பிடித்துக்கொண்டு அவர் அந்த வாரத்தைக் கடந்தார். நான் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் நடுவில், இறந்தவர்கள் வீட்டுக்கு வந்து போகும் நாட்கள் வந்தன. முதல் வருஷம் என்பதால் வெள்ளை விளக்குக் கட்ட வேண்டும், பிக்கு வந்து ஓத வேண்டும், சொந்தக்காரர்கள் வர வேண்டும். ஒசாகாவிலிருந்து மாமனார், மாமியார், இசுமி, மாமனாரின் அக்கா ஃபுமி அத்தை என்று நான்கு பேர் வந்தார்கள். என் இரண்டு அறை வீட்டில் படுக்கைகளை விரித்தால் தரை தெரியவில்லை. ஃபுமி அத்தை வந்த வேகத்தில் வெள்ளரிக்காய்க்கு நான்கு பல்குச்சிகளைக் காலாகக் குத்திக் குதிரை செய்தார். கத்தரிக்காயில் மாடு செய்தார். செத்தவர்கள் குதிரையில் சீக்கிரம் வந்து, மாட்டில் மெதுவாகத் திரும்பிப் போவார்கள். வெள்ளரிக் குதிரை நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது. "வகானாவுக்கு வண்டியோட்டவே வராது, இதுலயா வரப்போறா" என்றார் அத்தை. மாமியார் சிரித்தார். மாமியார் சிரித்ததைப் பார்த்து எல்லோரும் கொஞ்சம் தளர்ந்தார்கள்.

அன்று முழுக்க நான் ஆட்களுக்குப் பார்லி தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பிக்கு வந்தார், ஓதினார், விசிறிக்கொண்டார், போனார். மாலையில் எல்லோரும் கல்லறைக்குப் போய்க் கல்லைக் கழுவி, பூ வைத்துவிட்டு வந்தோம். மீன்தொட்டி கூடத்தில்தான் இருந்தது. நான் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை, படுத்திருந்தவர்களைத் தாண்டிப் போய் விளக்கைப் போட்டேன். தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. மேனேஜர் மேல்மட்டத்தில் வாயை வெளியே நீட்டிக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. பார்ட்-டைம் கற்களின் மேல் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. செவுள் அசைந்தது. அவ்வளவுதான்.

நான் சத்தம் போட்டேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. இசுமிதான் முதலில் எழுந்து வந்தாள். அவள் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

"அண்ணா, என்ன ஆச்சு?"

தொட்டியைக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள், முகர்ந்தாள். பிறகு திரும்பி, படுக்கைகளில் உட்கார்ந்திருந்த மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்தாள்.

"யார் போட்டது?"

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தது. மாமனார் ஒரே ஒரு சிட்டிகைதான் போட்டார். எத்தனை தடவை என்று இசுமி கேட்டதும், அது வந்து, முன்னால் போகும்போதெல்லாம் என்றார். மாமியார் தன் நூடுல்ஸில் இரண்டே இரண்டு இழையைக் கிள்ளிப் போட்டிருந்தார். அத்தை கேக் கொண்டு வந்திருந்தார் அல்லவா, அதில் உதிர்ந்தது. பிக்குவும் தேநீர் வருவதற்குள் டப்பாவைத் திறந்தார், அதை மாமியார் பார்த்தார், பிக்குவிடம் போய் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டார். வீட்டு ஆண்பிள்ளையே சரியாகச் சாப்பிடுவதில்லை, மீனுக்கு யார் போட்டிருக்கப் போகிறார்கள் என்பது எல்லோருடைய எண்ணம்.

"அது என்னையே பார்த்துச்சு, தம்பி" என்றார் அத்தை. "வாயைத் திறந்து திறந்து காட்டுச்சு. மனுஷங்களால எப்படிச் சும்மா இருக்க முடியும்?"

எனக்குக் கோபம் வரவில்லை. கோபத்துக்கு நேரமும் இல்லை. தண்ணீரில் ஒரு பங்கை மாற்ற வேண்டும், வெயிலில் வைத்த தண்ணீர் வேண்டும். பால்கனிக் கதவைத் திறந்தேன். வாளிகள் இரண்டும் கவிழ்ந்து கிடந்தன. காலி.

மாமனார் பின்னால் வந்து நின்றார். "ரெண்டு வாளியும் நிரம்பித் தயாரா இருந்துச்சு. நல்லதாப் போச்சுன்னு நேத்து கார்ல வெச்சுக் கல்லறைக்கு எடுத்துட்டு வந்துட்டேன்."

"அதையா கல்லு மேல ஊத்தினீங்க?" என்றாள் இசுமி.

"நல்லா தாராளமா ஊத்தினேன்."

"சரி விடுங்க. அக்காவுக்குப் பிடிச்ச தண்ணிதான். குளோரின் இல்லாதது."

மாமனார் தலையைத் தொங்கப்போட்டார். கடைகள் எல்லாம் இந்த நாட்களில் மூடியிருக்கும். சமையலறைத் தொட்டிக்கு அடியில் தேடினேன். பழைய துணிகளுக்குப் பின்னால், குழாய்த் தண்ணீரின் குளோரினை எடுக்கிற மருந்துப் புட்டி இருந்தது. அவசரத்துக்கு என்று வகானா வாங்கி வைத்தது. நான் அதை மறந்தே போயிருந்தேன். அடியில் கொஞ்சம் ஆடியது. சில வாளிகளுக்குப் போதும்.

நான் அதைக் கலக்கிக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து இசுமியின் குரல் கேட்டது.

"அத்தை, அதைக் கீழ வைங்க."

போய்ப் பார்த்தேன். ஃபுமி அத்தை கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, ஒரு கையில் தேய்க்கும் நாரும் மறு கையில் சோப்புப் புட்டியுமாக நின்றார். வடிகட்டியின் மூடி திறந்திருந்தது. உள்ளே பஞ்சு பழுப்பு நிறத்தில், வழவழவென்று, பார்க்கவே அசிங்கமாக இருந்தது.

"இத்தனை அழுக்குல கிடந்தா எப்படிடி பிழைக்கும்? எல்லாத்தையும் கொட்டி ஒரு தேய் தேய்ச்சா பளிச்சுன்னு ஆயிடும்."

"அதைத்தான் நாங்க சின்ன வயசுல பண்ணினோம்."

"இதைப் பாரு, எப்படி இருக்குன்னு."

"அது அழுக்கு இல்ல, அத்தை. அது அக்கா வளர்த்தது."

அத்தை பஞ்சைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மீன் வருவதற்கு முன்னால், ஒரு கோடை முழுக்க, வெறும் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அவள் சோறு போட்டது இதற்குத்தான். தினமும் அதற்குப் பக்கத்தில்தான் நின்றிருக்கிறேன். அது உயிரோடு இருக்கிறது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அத்தை சோப்புப் புட்டியை வைத்துவிட்டு, இரண்டு கையாலும் மூடியை எடுத்து, தூங்குகிற குழந்தைக்குப் போர்த்துவது போல மெதுவாக மூடினார்.

அதன் பிறகு வீடு ஒரு தொழிற்சாலை ஆனது. நான் குழாய் வைத்து அடியில் கிடந்த தீவனம், கேக், நூடுல்ஸ் எல்லாவற்றையும் உறிஞ்சி எடுத்தேன். அத்தை அழுக்குத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டினார். குழாய்த் தண்ணீர் வெந்நீராக இருந்தது. மாமனார் பிளாஸ்டிக் பையில் பனிக்கட்டியைக் கட்டி வாளிக்குள் விட்டு, வெப்பமானியைக் கையில் வைத்துக்கொண்டு, தொட்டித் தண்ணீரும் வாளித் தண்ணீரும் ஒன்றாகும்வரை யாரையும் பக்கத்தில் வரவிடவில்லை. மாமியார் தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டுத் தண்ணீரின் மேல் விசிறினார். காற்று கலந்தால் நல்லது என்று இசுமி சொல்லியிருந்தாள். அத்தை முறை மாற்றிக்கொள்ளலாம் என்றபோது மாமியார் விசிறியைக் கொடுக்கவில்லை.

மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினோம். ஒரேயடியாக அதற்கு மேல் மாற்றக் கூடாது. இனிக் காத்திருக்க வேண்டியதுதான். ஐந்து பேரும் தொட்டியைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தோம். வெளியே சில்வண்டுகள் கத்தின. மேனேஜர் இன்னும் மேலேயே நின்றது. பார்ட்-டைம் சாய்ந்தபடியே கிடந்தது. பேச ஒன்றும் இல்லாததால் இசுமி பேசினாள்.

"எங்க மூணாவது மீனும் இப்படித்தான் தாங்குச்சு. அக்கா மட்டும் அதை மேசைக்கடியில வைக்காம இருந்திருந்தா, காலேஜ் வரைக்கும் வந்திருக்கும்."

வகானா இல்லாததால் பதில் சொல்ல வேண்டியது நான்தான் என்று தோன்றியது. "நீதான் வெச்சன்னு அவ சொல்லுவா."

"அவ சாகிற வரைக்கும் ஒத்துக்கல பாருங்க."

மாமனார் தொண்டையைச் செருமினார். வெப்பமானியை ஒரு முறை துடைத்தார். பிறகு இன்னொரு முறை துடைத்தார்.

"அது நான்தான்" என்றார்.

இசுமி அவரைப் பார்த்தாள்.

"அன்னிக்கு எனக்கு லீவு. பார்த்தா அடியில அசையாமக் கிடந்துச்சு. குளிருதுன்னு நினைச்சேன். சூடா இருக்கட்டுமேன்னு உள்ள தள்ளிட்டு, அப்படியே தூங்கிட்டேன்."

"அப்பா."

"சாயந்திரம் நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டீங்களா, அப்போ எப்படிச் சொல்றது? அடுத்த வருஷம் சொல்லலாம்னு பார்த்தேன். அடுத்த வருஷமும் அடிச்சுக்கிட்டீங்க. அப்புறம் அது குடும்ப வழக்கமா ஆயிடுச்சு. நான் போய்க் கெடுப்பானேன்?"

"அக்கா கல்யாணத்துல மைக்ல சொன்னேனே அப்பா. முன்வரிசையில உட்கார்ந்து கை தட்டினீங்களே."

"நல்லாப் பேசினே. அதுக்குத் தட்டினேன்."

இசுமி முதலில் வாயைப் பொத்தினாள். பிறகு முடியவில்லை. தரையில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டச் சிரித்தாள். மாமியார் விசிறியால் கணவரின் தோளில் ஒன்று வைத்தார். இன்னொன்றும் வைத்தார். இருபது வருஷமாக எனக்கே சொல்லவில்லை பார் என்று அத்தையிடம் முறையிட்டார். அத்தை, அவன் சின்ன வயதில் ஆமையையும் இப்படித்தான் செய்தான் என்றார். அந்தக் கதையை மாமனார் சொல்லவிடவில்லை. யாரோ வினோதமாக, தகரம் உரசுகிற மாதிரி சத்தம் போட்டார்கள். அது நான் என்று தெரிய ஒரு நிமிஷம் ஆனது. சிரிப்பு எனக்கு வழக்கம் விட்டுப் போயிருந்தது. நிறுத்தவும் தெரியவில்லை. இசுமி என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் மோசமாகச் சிரித்தாள். "அக்காகிட்ட உடனே சொல்லணும்" என்று படத்துக்கு முன்னால் தவழ்ந்து போய், மணியைத் தட்டி, "கேட்டியாக்கா, நாம ரெண்டு பேரும் இல்லையாம்" என்றாள்.

அந்த மணிச் சத்தம் அடங்கும்போது மாமியார்தான் பார்த்தார். பார்ட்-டைம் நிமிர்ந்திருந்தது. ஒரு பக்கமாகக் கொஞ்சம் கோணலாக, குடித்தவன் மாதிரி, ஆனால் நிமிர்ந்து. அது மெதுவாக முன்னால் நகர்ந்தது. ஒரு கூழாங்கல்லை வாயில் எடுத்தது. பார்த்தது. துப்பியது.

"வேலைக்கு வந்துட்டான்" என்றார் மாமனார்.

மதியம் இன்னொரு பங்கு தண்ணீர் மாற்றினோம். மாலைக்குள் தண்ணீர் ஓரளவு தெளிந்தது. மேனேஜர் மேலே இருந்து இறங்கி நடுவில் தன் இடத்துக்கு வந்து நின்றது.

இருட்டியதும், வந்தவர்களை அனுப்புகிற நெருப்பு மூட்டக் கீழே போனோம். சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் ஒரு மண் தட்டு வைத்துச் சணல் தண்டுகளைக் கொளுத்தினோம். கத்தரிக்காய் மாடு பக்கத்தில் நின்றது. அது விழவில்லை. நெருப்பு சின்னதாக எரிந்து அடங்கியது. மாமியார் கைகூப்பிக்கொண்டு வெகுநேரம் நின்றார். எனக்கும் அன்று சொல்ல விஷயம் இருந்தது. மீன்கள் பிழைத்துவிட்டன என்று சொன்னேன். உன் அப்பாதான் என்றும் சொன்னேன்.

மேலே வந்து விளக்கைப் போட்டதும் இரண்டு மீன்களும் கண்ணாடிக்கு ஓடி வந்தன. வாயைத் திறந்து திறந்து மூடின. பிறந்ததிலிருந்து சோறே பார்க்காத மாதிரி. அத்தையின் கை தானாகத் தீவன டப்பாவுக்குப் போனது.

"வேண்டாம், அத்தை" என்றேன்.

"பாவம் தம்பி, காலையிலேருந்து ஒண்ணுமே இல்ல. செத்துப் பிழைச்சிருக்கு. ஒரே ஒரு துணுக்கு."

"நாளைக்கும் கிடையாது. நாளன்னைக்குப் பார்க்கலாம்."

மாமியார் என்னை மெல்லக் கடிந்துகொண்டார். இத்தனை நாள் சாப்பிடாமல் கிடந்தவன் மீனையும் பட்டினி போடுகிறாயே, உனக்கு எங்கிருந்து இப்படிக் கல் மனசு வந்தது என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நான் இவ்வளவு அழுத்தமாக ஒன்றைச் சொல்லி ஆறு மாதம் ஆகியிருந்தது. அவருக்கு அதுவே பிடித்திருந்தது போலத் தெரிந்தது.

எனவே சொன்னேன். அந்தப் பிப்ரவரிக் காலையில் வகானா 'போயிட்டு வர்றேன்' என்று சொன்னது உண்மைதான். நான் சமையலறையிலிருந்து சரி என்றேன். கதவு மூடியது. ஆனால் அது கடைசி இல்லை. படியில் இறங்குகிற சத்தம் கேட்டது, நின்றது, திரும்ப ஏறி வந்தது. கதவு திறந்தது. கழுத்துத் துணியை மூக்குவரை சுற்றியிருந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, என் கை தீவன டப்பாவின் மேல் இருப்பதைப் பார்த்தாள்.

மாமியார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இசுமியும் பார்த்தாள். மேனேஜர் கண்ணாடியில் முட்டியது.

"நான் போட்டாச்சு" என்றாள் வகானா. "பசிக்கிற மாதிரி நல்லா நடிக்கும். நம்பிடாத."